மேலடுக்கின் காத்திருப்பு

பபூன் குரங்கின் மண்டையோட்டைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால், கண்குழிக்குப் பின்னால் ஓர் அகலமான பள்ளம் தெரியும். அதற்கு வெளியே கன்ன எலும்பு வளைந்து காதை நோக்கிப் போகிறது. உயிருள்ள குரங்கில் அந்தப் பள்ளம் முழுவதையும் ஒரு தசை அடைத்துக்கொண்டிருக்கும். மண்டையின் பக்கச்சுவரெங்கும் பரவித் தொடங்கும் அது, கீழே இறங்க இறங்கக் குறுகி, கன்ன வளைவுக்கு அடியில் புகுந்து, கீழ்த்தாடையின் முன்கொம்பைப் பற்றிக்கொள்கிறது. நெற்றிப்பொட்டில் விரலை வைத்துக்கொண்டு பல்லைக் கடித்துப் பாருங்கள். விம்முவது இதே தசைதான். மருத்துவ நூல்களில் இதற்கு டெம்போராலிஸ் என்று பெயர். இங்கே பொட்டுத்தசை என்று வைத்துக்கொள்வோம்.

வெளியிலிருந்து பார்க்க ஒரே தசை. அதன் முன்பகுதியைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் நடுவில் வெளுத்த தகடாக ஒரு தசைநாண் ஓடுகிறது. வெளிப்புறத்து இழைகள் ஒரு பக்கமிருந்தும், எலும்பை ஒட்டிய உட்புறத்து இழைகள் மறுபக்கமிருந்தும் சாய்ந்து வந்து அந்தத் தகட்டில் சேர்கின்றன. ஆக மேலடுக்கு ஒன்று, ஆழடுக்கு ஒன்று. இரண்டும் இழுப்பது அதே கொம்பை, ஏறக்குறைய அதே திசையில். ஒரே வேலைக்கு எதற்கு இரண்டு அடுக்கு?

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டின் வால், வில்லியம் ஹைலண்டர் உள்ளிட்ட குழுவினர் இந்தக் கேள்வியோடு பல ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார்கள். மிக மெல்லிய கம்பி மின்முனைகளைத் தசையின் வெவ்வேறு ஆழங்களில் இறக்கி, குரங்கு தின்னும்போது எந்த அடுக்கு எப்போது விழிக்கிறது என்று பதிவு செய்தார்கள். ஆலிவ் பபூன்களில் பெண், ஆண் இரு பாலினதும் தசைத்துணுக்குகளை எடுத்து, எந்த இடத்தில் எந்த வகை இழை இருக்கிறது என்றும் 2013-இல் விவரமாக வெளியிட்டார்கள். ஆழடுக்கில் மெதுவாகச் சுருங்கும், களைப்பறியாத இழைகள் நிறைய. மேலடுக்கில் வேகமும் பலமும் கொண்ட இழைகள் நிறைய. மெத்தென்ற பழத்தைத் தின்னும்போது வேலை பெரும்பாலும் ஆழடுக்கோடு முடிந்துவிடுகிறது. ஓடுள்ள கொட்டையோ, நார் விடாத கிழங்கோ பல்லில் மாட்டும்போதுதான் மேலடுக்கு முழுமூச்சாக இறங்குகிறது.

இந்தக் குரங்குத் தாடையில் என்னை மயக்குவது இந்த ஏற்பாடுதான். பலம் எவ்வளவு என்று கேட்பவர்கள் அதிகம். எனக்கோ அந்தப் பலத்தை எங்கே வைத்திருக்கிறது, எப்போது எடுக்கிறது என்பதில்தான் சுவை இருக்கிறது. நாளெல்லாம் அரைக்கும் வேலைக்கு அதிகம் செலவு வைக்காத இழைகளை எலும்போடு ஒட்டி உள்ளே வைத்துவிட்டு, எப்போதாவது தேவைப்படும் பெரும் பலத்தை வெளியே போர்த்தி வைத்திருக்கிறது. அந்த மேலடுக்கு பெரும்பொழுது சும்மா இருக்கிறது. அந்தச் சும்மா இருப்பதற்கும் உடல் இடம் கொடுத்து, இரத்தம் கொடுத்து, தீனி போட்டு வளர்க்கிறதே!

இழை வகை என்ற பேச்சு எங்கே தொடங்கியது என்று ஒரு பார்வை பார்த்துவிடலாம். 1873-இல் பிரெஞ்சு உடற்கூறியலாளர் லூயி ரான்வியே முயலின் தசைகளில் சில சிவப்பாகவும் சில வெளுப்பாகவும் இருப்பதைக் கவனித்தார். சிவப்புத் தசை நிதானமாகச் சுருங்கியது, வெளுத்தது வெடுக்கென்று சுருங்கியது. நிறத்துக்கும் நடத்தைக்கும் உறவு இருக்கிறது என்று அன்றே தெரிந்துவிட்டது. அந்த உறவின் வேர் எங்கே என்பது தெரிய இன்னும் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆனது. 1967-இல் மைக்கேல் பாராணி வெவ்வேறு விலங்குகளின் தசைகளை ஒப்பிட்டு, மயோசின் என்ற புரதம், தசைக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூற்றை எவ்வளவு வேகமாக உடைக்கிறதோ அவ்வளவு வேகமாகத் தசை சுருங்குகிறது என்று காட்டினார். ஆக, இழையின் குணம் அதற்குள் எந்த மயோசின் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மயோசினில் பல உருவங்கள் உண்டு; ஒவ்வொன்றுக்கும் தனி ஜீன் உண்டு.

அந்த மயோசினைக் கண்ணால் பார்க்கும் வழிதான் ஆய்வுக்கூடத்தின் மிக அழகான வேலைகளில் ஒன்று என்பேன். தசைத்துணுக்கை எடுத்தவுடன் உறைய வைக்க வேண்டும். திரவ நைட்ரஜனில் நேராகப் போட்டால் அதைச் சுற்றி ஆவித்திரை எழும்பி, குளிர் உள்ளே இறங்கத் தாமதமாகும். அதற்குள் பனிப்படிகங்கள் விளைந்து இழைகளைக் கிழித்துவிடும். அதனால் முதலில் ஐசோபென்டேன் என்ற திரவத்தை நைட்ரஜனால் குளிர்வித்து, அதில் துணுக்கை அமிழ்த்துவார்கள். பிறகு சுமார் மைனஸ் 20 டிகிரி குளிர் அறைக்குள் இருக்கும் கத்தியால் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவுவார்கள். கண்ணாடித் தகட்டில் ஒட்டிய அந்தச் சீவலுக்கு ஏ.டி.பி.யும் கால்சியமும் கலந்த கரைசலைக் கொடுத்தால், இழையிலிருக்கும் மயோசின் ஏ.டி.பி.யை உடைத்துப் பாஸ்பேட்டை விடுவிக்கும். பாஸ்பேட் கால்சியத்தோடு சேர்ந்து அதே இடத்தில் படியும். அந்தப் படிவு நிறமற்றது, கண்ணுக்குத் தெரியாது. அதனால் கோபால்ட் கரைசலில் நனைத்துக் கால்சியத்தின் இடத்தில் கோபால்ட்டை உட்கார வைப்பார்கள். கடைசியில் அம்மோனியம் சல்பைடு. கோபால்ட் சல்பைடு கறுப்பு. எங்கே மயோசின் உழைத்ததோ அங்கே கறுப்பு விழும். செத்த இழை, தான் உயிரோடு இருந்தபோது செய்த வேலையை இன்னொரு முறை செய்துகாட்டி, அதைத் தன் மேலேயே எழுதிக்கொள்கிறது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கரைசலைக் கொடுப்பதற்கு முன் சீவலைக் காரத்தில், பி.எச். 9.4 அளவில், ஊற வைத்தால் மெது இழைகளின் மயோசின் செயலிழந்துபோகும்; விரைவு இழைகள் மட்டும் கறுக்கும். அதே தசையின் அடுத்த சீவலைக் கடும் அமிலத்தில், பி.எச். 4.3 அளவில், ஊற வைத்தால் எல்லாம் தலைகீழ். மெது இழைகள் கறுக்கும், விரைவு இழைகள் வெளுக்கும். இரண்டுக்கும் நடுவே 4.6-இல் நிறுத்தினால் விரைவு இழைகளுக்குள்ளேயே உட்பிரிவுகள் தெரியும். 1970-இல் ப்ரூக், கைசர் இருவரும் இந்த அமிலப் படிகளைக் கொண்டுதான் வகை ஒன்று, இரண்டு-ஏ, இரண்டு-பி, இரண்டு-சி என்று பிரித்தார்கள். அடுத்தடுத்த சீவல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதே இழை இங்கே கறுப்பு, அங்கே வெளுப்பு என்று ஒவ்வொன்றாகப் பின்தொடர வேண்டும். பொறுமையான வேலை. நுண்ணோக்கியில் தெரியும் காட்சி கோடையில் வற்றி வெடித்த கண்மாய்த் தரைதான்: ஐந்து மூலை, ஆறு மூலைச் சில்லுகள் இடைவெளி விட்டு நெருங்கிக் கிடக்கும், சில கறுப்பு, சில வெளுப்பு, சில சாம்பல்.

காலிலோ கையிலோ எடுத்த தசையென்றால் அந்தச் சில்லுகள் ஏறக்குறைய சீராகக் கலந்திருக்கும். தாடைத் தசையில் அப்படியில்லை. ஓரிடத்தில் மெது இழைகள் கூட்டமாக நிற்கும், சற்றுத் தள்ளி விரைவு இழைகள் அணிவகுக்கும். அமெரிக்காவில் மேக்ஸ்வெல், கார்ல்சன், மெக்னமாரா, ஃபாக்னர் ஆகியோர் 1979-இல் ரீசஸ் குரங்கின் பொட்டுத்தசையையும் கன்னத்தசையையும் சாயமிட்டுப் பார்த்து எழுதியதே இதற்கு நல்ல சாட்சி. தசையின் பெயரைச் சொன்னால் போதாது, அந்தத் தசையின் எந்த மூலை என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. கன்னத்தசை என்று நான் சொல்வது மாசெட்டரை. கன்ன எலும்பிலிருந்து இறங்கித் தாடையின் வெளிமூலையைப் பிடிக்கும் தடித்த தசை. கடிக்கும்போது காதுக்கு முன்னால் கட்டியாக எழும்புவது.

இந்தச் சாயமுறையிலேயே ஒரு நாள் ஒரு புதிர் தலைகாட்டியது. பூனையின் தாடைத் தசையில் சில இழைகள் காரத்திலும் தாக்குப்பிடித்தன, அமிலத்திலும் ஓரளவு தாக்குப்பிடித்தன. எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை. 1981-இல் ஆந்தியா ரோலர்சனும் அவருடைய சகாக்களும் பூனையின் தாடையை மூடும் தசைகளில் உடலின் கைகால்களில் காணாத ஒரு தனி மயோசின் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். 1983-இல் புலால் உண்ணிகளிலும் குரங்கினங்களிலும் பரவலாகத் தேடினார்கள். குரங்குகளின் தாடையிலும் அது இருந்தது. மெல்லுதலுக்கென்றே ஒதுக்கப்பட்ட இழை என்பதால் அதற்கு இரண்டு-எம் என்று பெயர். பபூனின் பொட்டுத்தசை மேலடுக்கில் குவிந்து கிடப்பவை இந்த எம் இழைகள்தாம்.

ஓர் உறுப்புக்காக மட்டும் ஒரு மயோசினை உடல் தனியாக வைத்திருப்பது சாதாரண விஷயமில்லை. தாடைத் தசைகளின் பிறப்பே தனி. கைகால் தசைகள் முதுகுத்தண்டை ஒட்டிய திசுக்கட்டிகளிலிருந்து வருகின்றன. தாடைத் தசைகளோ கருவின் கழுத்துப் பகுதியில் தோன்றும் முதல் வளைவிலிருந்து, மீனில் செவுள் தாங்கும் வளைவுகளின் வரிசையிலிருந்து, வருகின்றன. அவற்றுக்குக் கட்டளையிடும் ஜீன்களும் வேறு, ஓட்டும் நரம்பும் வேறு: மூளையிலிருந்து ஐந்தாவதாகப் புறப்படும் முக்கிளை நரம்பு.

அந்த முதல் வளைவிலிருந்து இன்னொரு சின்னஞ்சிறு தசையும் பிறக்கிறது. நடுக்காதில் செவிப்பறையை இழுத்துப் பிடிக்கும் தசை அது. அது பற்றியிருக்கும் சுத்தியெலும்பு, ஊர்வன மூதாதையரிடம் தாடை மூட்டின் பாகமாக இருந்து, பாலூட்டிகளில் காதுக்குள் குடியேறியது. எலும்பு வேலை மாறிவிட்டது, தசையின் சொந்தபந்தம் மாறவில்லை. பூனையிலும் நாயிலும் அந்தக் காதுத் தசையை வெட்டிச் சாயமிட்டபோது அதற்குள்ளும் எம் இழைகள் இருந்தன! அந்தத் தசையால் எதையும் கடிக்க முடியாது. ஆனாலும் தன் பிறந்தவீட்டு மயோசினை விடாமல் வைத்திருக்கிறது. இந்தத் துறையில் நான் படித்தவற்றில் இதைவிட இனிமையான தகவல் வேறில்லை.

எம் இழை எவ்வளவு தனியானது என்பதற்கு ஒரு துயரமான சாட்சியும் உண்டு. நாய்களுக்கு வரும் ஒரு நோயில், உடலின் எதிர்ப்பாற்றல் எம் இழைகளை மட்டும் எதிரியாக நினைத்துத் தாக்குகிறது. நாய் நன்றாக நடக்கும், ஓடும். வாயைத் திறக்க மட்டும் முடியாது. நாளாக ஆகப் பொட்டுப் பகுதி குழிந்துவிடும். காலில் அந்த மயோசின் இல்லை, அதனால் கால் தப்பிக்கிறது.

குரங்குக்கு இந்த இழையால் என்ன ஆதாயம்? 2008-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் புலால் உண்ணிகளின் தாடையிலிருந்து ஒற்றை எம் இழைகளைப் பிரித்தெடுத்து அளந்தார்கள். வேகத்தில் அவை கைகால்களின் நடுத்தர விரைவு இழைகளோடு ஒத்துப்போயின. விசையில் அவற்றை மிஞ்சின. வேட்டையாடும் பூனைக்கு அது கழுத்தைக் கவ்வும் கடி. மரத்திலும் தரையிலும் தின்று திரியும் குரங்குக்கு அது ஓட்டை உடைக்கும் கடி, சண்டையில் கோரைப்பல்லைப் பாய்ச்சும் கடி. ஒரு முறை நன்றாக விழுந்தால் போதும். அதன் பிறகு அரைப்பதை ஆழடுக்கு பார்த்துக்கொள்ளும்.

எல்லாப் பாலூட்டிகளும் இந்த வழியில் போகவில்லை. மாட்டின் கன்னத்தசையைச் சாயமிட்டால் ஏறக்குறைய முழுக்க மெது இழைதான். அசைபோடுவது மணிக்கணக்கான வேலை. அங்கே திடீர்ப் பலத்துக்கு இடமே இல்லை. கங்காருவும் எம் மயோசினைத் துறந்து, இதயத்தில் காணப்படும் ஒரு மயோசினுக்கு மாறிவிட்டது. மாட்டுக்கும் பூனைக்கும் இடையில், இரண்டையும் ஒரே தசைக்குள் அடுக்கி வைத்திருக்கும் குரங்குதான் எனக்கு மிகவும் பிடித்த வடிவம். ஒன்றில் கைதேர்ந்தவர்களைவிட இரண்டையும் அளந்து வைத்துக்கொண்டவரிடம் பார்க்க நிறைய இருக்கிறது.

இந்த அளவு தெரிய ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டியதில்லை. ரீசஸ் குரங்கும், நம் மலைக்கோயில் படிகளில் உட்கார்ந்திருக்கும் நாட்டுக் குரங்கும், ஆனைமலைச் சோலைகளில் வெடிப்பலாவின் முள்தோலைப் பிய்த்து விதை தின்னும் சோலைமந்தியும் ஒரே மக்காக் பேரினத்தைச் சேர்ந்தவை. நாட்டுக் குரங்கின் கையில் உரிக்காத வேர்க்கடலை கிடைத்தால் பொட்டைக் கவனியுங்கள். பெரும்பாலும் முதலில் கன்னப்பைக்குள் அடைத்துவிடும். பிறகு சாவகாசமாகப் புறங்கையால் கன்னத்தை அழுத்தி ஒவ்வொன்றாகப் பல்லுக்குத் தள்ளும். அந்தப் பையை ஒட்டிய கன்னச்சுவர்த் தசை மெல்லும் தசைக் குடும்பத்தில் சேராது. அதற்கு முகபாவங்களை ஆட்டிவைக்கும் ஏழாவது நரம்பு. தள்ளித் தருவது ஒரு நரம்பின் வேலை, கடிப்பது இன்னொரு நரம்பின் வேலை. இரண்டும் தடுமாறாமல் கைமாற்றிக்கொள்கின்றன.

கடித்தபின் அரைக்கிறது. ஒவ்வொரு சுற்றும் ஏறக்குறைய அரை நொடி. ஒரு சமயத்தில் ஒரு பக்கத்துப் பற்களில்தான் உணவு இருக்கும், ஆனால் இரு பக்கத்துத் தசைகளும் உழைக்கும். ஹைலண்டர் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த அரை நொடியைப் பிரித்துப் பார்ப்பதில் செலவிட்டவர். தாடை எலும்பின் மேல் நுண்ணிய அளவிகளை ஒட்டி, அது எவ்வளவு வளைகிறது என்பதையும் சேர்த்தே அளந்தார். வாய் மூடத் தொடங்கும்போது உணவு இல்லாத பக்கத்தின் கன்னத்தசை வெளியடுக்கும், உணவு இருக்கும் பக்கத்தின் பின்பொட்டுத்தசையும் முந்திக்கொள்கின்றன. தாடை உணவு இருக்கும் பக்கமாக ஒதுங்குகிறது. அடுத்து முறை மாறுகிறது: உணவு இருக்கும் பக்கத்தின் கன்னத்தசையும் மறுபக்கத்தின் பின்பொட்டும் ஏறிவர, தாடை நடுவை நோக்கி நகர்ந்தபடியே நசுக்குகிறது.

எல்லாம் தணியும் நேரத்தில், கடைசியாக ஒன்று வருகிறது. உணவு இல்லாத பக்கத்தில், கன்னத்தசையின் ஆழப்பகுதி. மற்றவை உச்சத்தைத் தாண்டிய பிறகும் அது இழுத்துக்கொண்டே இருக்கிறது. அது இழுக்கும் திசை வெளிப்பக்கம். அதன் பலனாகக் கீழ்த்தாடையின் இரு கைகளும் ஒன்றையொன்று விட்டு விலகப் பார்க்கின்றன. நடு முகவாயின் உள்முகத்தில் எலும்பு இழுபட்டுத் தவிக்கிறது. குரங்குகளில் அந்த நடு இணைப்பு சிறு வயதிலேயே ஒரே எலும்பாகக் கெட்டிப்பட்டுவிடுவதற்கு இந்தத் தாமதமான இழுப்பும் ஒரு காரணம் என்பது ஹைலண்டரின் வாதம். பல லெமூர்களில் அந்த இணைப்பு கடைசிவரை இளகியே இருக்கிறது. நான் இந்த வாதத்தை நம்புகிறேன். ஒரு தசையின் ஒரு மூலை, நொடியில் ஒரு சிறு பங்கு நேரம் தாமதித்து உழைப்பது ஓர் எலும்பின் வடிவத்தையே தீர்மானிக்கும் என்றால், தசைக்கும் எலும்புக்கும் நடுவே நடக்கும் பேச்சுவார்த்தை எவ்வளவு நுட்பமானது!

இத்தனை முறைமாற்றமும் தடுமாறாமல் நடக்கக் காரணம், தசைகளுக்குள் புதைந்திருக்கும் நீட்சி உணரிகள். தாடையை மூடும் தசைகளில் அவை ஏராளம். அவற்றின் நரம்பணுக்கள் இருக்கும் இடமும் விசித்திரமானது. உடலின் மற்ற உணர்வு நரம்பணுக்கள் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியே முடிச்சுகளாக இருக்கும். தாடைத் தசையின் உணர்வணுக்கள் மட்டும் நடுமூளைக்குள்ளேயே குடியிருக்கின்றன. கல் ஒன்று பல்லில் பட்டவுடன் கை உணவை நிறுத்துவதற்குள் வாய் நின்றுவிடுகிறதே, அந்தச் சுருக்கு வழியில் இவையும் பங்காளிகள். எந்த இழையை எப்போது எழுப்புவது என்பதற்கும் ஒரு பொதுவிதி உண்டு: எல்வுட் ஹென்னமன் பூனையின் தண்டுவடத்தில் கண்டறிந்தபடி, சிறிய நரம்பணுக்கள் முதலில், பெரியவை பின்னால். சிறியவை மெது இழைகளை ஓட்டுகின்றன, பெரியவை பலமான விரைவு இழைகளை. காலில் இந்த இரண்டும் ஒரே இடத்தில் கலந்து கிடக்கும். பபூனின் பொட்டில் வரிசை இடமாகவே மாறிவிட்டது. முதலில் வருபவை உள்ளே, பின்னால் வருபவை வெளியே.

இழை எந்த வகை என்பதோடு கதை முடியவில்லை. எவ்வளவு நீளம், எந்தச் சாய்வு என்பதும் உண்டு. சாய்வாக அடுக்கிய குட்டை இழைகள் எண்ணிக்கையில் அதிகம் கொள்ளும், விசை கூடும். நீண்ட இழைகள் குறைவாகவே கொள்ளும், ஆனால் வெகுதூரம் நீளும். வடகிழக்குப் பிரேசிலின் மார்மோசெட் குரங்கு கையில் அடங்கிவிடும் உருவம். அது மேல்முன்பற்களை மரப்பட்டையில் ஊன்றிக்கொண்டு, வாயை அகலத் திறந்து, கீழ்முன்பற்களால் பட்டையைச் சுரண்டிப் பிசின் வடியச் செய்து நக்கும். ஆண்ட்ரியா டெய்லர், கிறிஸ்டோபர் வின்யார்டு இருவரும் 2004-இல் அதன் கன்னத்தசையை, மரம் சுரண்டாத உறவுக்காரரான டமரின் குரங்கின் தசையோடு ஒப்பிட்டார்கள். மார்மோசெட்டின் இழைகள் நீளமானவை. மரத்தைத் துளைக்கும் குரங்குக்கு வலுவான கடி இருக்கும் என்று எதிர்பார்ப்போம். அது விசையைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து வாய்த்திறப்பை வாங்கியிருக்கிறது. இழை நீளமானால் அதற்குள் வரிசையாக நிற்கும் சுருங்கும் அலகுகள் அதிகம். வாய் அகலும்போது ஒவ்வொன்றும் கொஞ்சமாகவே நீண்டால் போதும், எதுவும் பிடியை விடாது. நண்டுதின்னி மக்காக் ஆண் குரங்குகளிலும் இந்த நீள விளையாட்டைப் பார்த்திருக்கிறார்கள். பெரிய கோரைப்பல்லைக் காட்டி மிரட்ட வேண்டுமென்றால் முதலில் பல் வெளியே தெரியுமளவுக்கு வாய் திறந்தாக வேண்டுமே. ஆண்களின் இழைகள் அதற்கேற்ப நீண்டிருக்கின்றன.

இனி நம் பொட்டுக்கு வருவோம். 2004-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஹான்செல் ஸ்டெட்மன் குழு, எம் மயோசினுக்கான எம்.ஒய்.எச்.16 என்ற ஜீனை மனிதர்களிடம் தேடியது. ஜீன் ஏழாவது குரோமோசோமில் இருந்தது. ஆனால் நடுவே இரண்டே இரண்டு எழுத்துகள் உதிர்ந்துபோயிருந்தன. அதனால் அதன் பிறகான வாசகம் முழுக்கப் பிசகி, புரதம் பாதியில் நின்றுவிடுகிறது. அவர்கள் சோதித்த மனித இனக்குழுக்கள் எல்லாவற்றிலும் இதே இழப்பு. மக்காக் குரங்கிலும் சிம்பன்சியிலும் ஜீன் முழுசாக இருக்கிறது. இழப்பு சுமார் 24 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நடந்தது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். கடிதசை இளைத்ததால் மண்டையோட்டின் மேலிருந்த இழுபாரம் குறைந்து, மூளை வளர வழி பிறந்தது என்றும் சொல்லிப்பார்த்தார்கள். மறு ஆண்டே ஜார்ஜ் பெர்ரி குழுவினர் இன்னும் நீளமான ஜீன் பகுதியை எடுத்துக் கணக்கிட்டு, இழப்பு 53 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கும் என்றார்கள். அப்படியென்றால் மூளை பெருப்பதற்கு வெகுகாலம் முன்பு. மூளைக் கதையை நான் ஏற்கவில்லை; மண்டையோடு வளர்வது மூளை உள்ளிருந்து தள்ளுவதால், அதைத் தசை கட்டிப்போட்டு வைத்திருந்தது என்பதற்கு இன்னும் வலுவான சான்று வேண்டும். தசைக் கதை வேறு. அது நுண்ணோக்கியில் அப்படியே தெரிகிறது.

மக்காக்கின் பொட்டுத்தசைச் சீவலில் விரைவு இழைகள் பருத்து நிற்கின்றன. மனிதத் தாடைத் தசைச் சீவலில் விரைவு இழைகள் மெலிந்து, மெது இழைகள்தான் பெருத்துத் தெரிகின்றன. நம் கைகால்களில் இப்படி இருப்பதில்லை. மேலடுக்கின் பெரும்பலம் போய்விட்டது, ஆனால் அதன் இடத்தைக் கைகால்களிலிருந்து எடுத்த சாதாரண இழைகளைக் கொண்டு மட்டும் நிரப்பவில்லை. சாயமும் எதிர்ப்பொருளும் கொண்டு பார்த்தவர்கள் மனிதக் கன்னத்தசையில் கலப்பு இழைகளைக் கண்டார்கள், அதாவது ஒரே இழைக்குள் இரண்டு மூன்று வகை மயோசின். பிறந்த குழந்தைகளின் தசையில் மட்டும் இருந்து பிறகு மறைந்துவிடும் மயோசின், வளர்ந்த மனிதர்களின் தாடையில் இன்னும் இருக்கிறது. வேறு இழைகளில் இதயத்தின் மேலறைச் சுவரில் காணப்படும் மயோசின் இருக்கிறது. கால்தசையில் தேடினால் அகப்படாத இரண்டையும், நாம் சோற்றை மெல்லும் தசை ஒன்றாக வைத்திருக்கிறது. எம் மயோசின் மட்டும் அதில் இல்லை.